வண்டியில்லாச் சாலையும் ஆளில்லாச் சாலையும்



சாலை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது தார் போட்ட பெரிய சடக்குதான். பாசிர் கூடாங் வட்டாரத்தில் வாழ்வோருக்கு அந்தச் சடக்கின் குணம் நன்றாகத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள், எண்ணெயும் இரசாயனமும் ஏற்றிய தாங்கி லோரிகள், தொழிற்சாலைப் பேருந்துகள், வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்கள் என்று இரவும் பகலும் அங்கே ஓட்டம் ஓய்வதில்லை. அதில் பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது.

ஆனால் நம் வீட்டுக்குப் பின்புறம் இன்னொரு சாலையும் இருக்கிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே, சிவந்த மண்ணும் சரளைக் கல்லும் கலந்து, ஆற்றோரம்வரை நீண்டு கிடக்கும் தோட்டச் சாலை அது. நாள்தோறும் அதில் நடந்தே வேலைக்குப் போனாலும், அதைச் சாலை என்று நாம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் சாலை எப்படி உண்டாயிற்று, எதனால் நிலைக்கிறது, அதில் நாமும் நம் பிள்ளைகளும் சைக்கிள் ஓட்டுவதால் நமக்கும் ஆற்றுக்கும் என்ன நன்மை என்பவற்றை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல். கூடாங் என்றால் சரக்கு வைக்கும் இடம். இந்தக் கூடாங் என்னும் சொல், நம் கிடங்கு என்னும் சொல்லிலிருந்து போனது என்று மொழி ஆராய்ச்சியாளர் கூறுவர். இங்கே 1977ஆம் ஆண்டில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. 2020ஆம் ஆண்டு நவம்பரில் பாசிர் கூடாங் மாநகரத் தகுதி பெற்றது. இவ்வளவும் நிலத்தின் ஒரு பக்கம். கிழக்கே மாசாயைத் தாண்டிக் கொங் கொங் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். ஒரு புறம் செம்பனைத் தோட்டம், மறுபுறம் மீனவர் கம்பம், அதற்கு அப்பால் ஜொகூர் ஆறு.

ஜொகூர் ஆறு 120 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கோத்தா திங்கியைக் கடந்து வந்து, இங்கேதான் கடலோடு கலக்கிறது. இப்படி ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். இதன் நீர் முழு நன்னீரும் அன்று, முழு உப்புநீரும் அன்று. ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து இங்கே சேறாகிறது. அந்தச் சேற்றில் மலாய்க்காரர் பாக்காவ் என்று சொல்லும் அலையாத்தி மரங்கள், மூச்சு விடும் வேர்களோடு நிற்கின்றன. அந்த வேர்களின் இடுக்கில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. இந்த நீரிணைக் கரையில் வழிவழியாக வாழும் ஓராங் செலெத்தார் மக்களும், கம்பத்து மீனவர்களும் இவற்றை நம்பியே பிழைக்கிறார்கள். நாம் சந்தையில் வாங்கும் நண்டுக்கும் சிப்பிக்கும் தாய்வீடு இந்தச் சேறுதான்.

சரி, இவ்வளவு ஒதுக்கான இடத்துக்கு யார் சாலை போட்டார்கள்? போட்டது செம்பனைக் குலை என்றே சொல்லலாம். ரப்பர்ப் பால் வாளியில் வந்தது; தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் கொண்டு போனோம். செம்பனைக் குலை அப்படியன்று. ஒரு குலையே இருபது கிலோ, அதற்கும் மேல் இருக்கும். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க அதன் எண்ணெயில் அமிலம் ஏறும். எண்ணெயின் தரம் குறையும். ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டத்து விதி. இதனால்தான் ஒவ்வொரு பாத்திக்கும் டிராக்டர் போகும்படி வழி வெட்டினார்கள். காலையில் பெரட்டு முடிந்து வேலைக்காடு போனதுமுதல், குலை ஏற்றி முடியும்வரை இந்தச் சாலையில் டிராக்டரும் லோரியும் ஓடும். அதன்பின் ஓசை அடங்கிவிடும். மாலை வேளையிலும், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே குயிலும் மரங்கொத்தியும்தான் கேட்கும்.

இந்தச் சாலையின் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கும்; விரலில் நெருடும். இதை நம் ஊரில் செம்புராங்கல் மண் என்போம். பலகாலம் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கியதால் பாறையில் இருந்த மற்றப் பொருள்கள் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் எஞ்சிய மண் இது. இரும்பு துருவேறினால் சிவப்பதுபோல இந்த மண்ணும் சிவக்கிறது. பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், கேரளத்தின் அங்காடிப்புரத்தில் மக்கள் இந்தக் கல்லை வெட்டியெடுத்து வீடு கட்டுவதைக் கண்டார். செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1807ஆம் ஆண்டில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் அதுவே. ஈரமாக இருக்கும்போது இது வெட்ட இசையும், காய்ந்தால் இறுகும். அதனால்தான் தார் இல்லாமலே சாலையாக நிற்கிறது.

நல்ல சரளைச் சாலையில் மூன்று பொருள் சரியாகக் கலந்திருக்க வேண்டும். பெரிய கல் பாரத்தைத் தாங்கும். மணல் கல்லின் இடுக்கை நிரப்பும். களிமண் இரண்டையும் பிடித்து நிறுத்தும். நம் வீட்டு உளுந்து வடைக்கு மாவும் நீரும் அளவாக இருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். களி மிகுந்தால் மழையில் வழுக்கும். குறைந்தால் வெயிலில் கல் உதிர்ந்து, சைக்கிள் சக்கரம் புதையும்.

சாலைக்கு முதல் எதிரி நீர். ஜொகூரின் இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த நீர் சாலையில் தங்கக் கூடாது. ஆகவே நல்ல சாலையை நடுவில் உயர்த்தி, இரு ஓரமும் தாழ்த்திப் போடுவார்கள்; ஆமையின் முதுகைப்போல இருக்கும். நடுவிலிருந்து ஓரம்நோக்கி ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும். நீர் ஓரத்துச் சாக்கடையில் இறங்கி, சாலைக்கு அடியில் பதித்த குழாய் வழியாகப் பள்ளத்துக்குப் போய்விடும். அந்தக் குழாயின் வாயை ஒரு காய்ந்த மட்டை அடைத்துக்கொண்டால் போதும். ஒரே மழையில் நீர் சாலைமேல் ஏறி, குறுக்கே வாய்க்கால் வெட்டிவிடும். எத்தனையோ சாலைகள் லோரியால் அன்று, ஒரு மட்டையால் கெட்டிருக்கின்றன.

அடுத்த எதிரி பாரம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சாலைகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஓர் அச்சின் மேல் உள்ள பாரம் இரு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று அதில் தெரிந்தது. அந்தச் சோதனை தாருக்கும் சிமெண்டுக்கும் செய்யப்பட்டது. ஆனாலும் சரளைச் சாலைக்கும் பாடம் அதுதான். பாரலோரி ஒருமுறை போனால் வரும் தேய்மானம், சைக்கிள் ஆயிரமாயிரம் முறை போனாலும் வராது. பலகை வரிசைபோலச் சாலையில் விழும் சின்ன அலைமேடுகளும் வேகமாகப் போகும் வண்டிச் சக்கரத்தால் வருபவையே. எனவே, தோட்டத்துச் சாலையில் சைக்கிள் விட்டால் சாலை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அதில் நியாயம் இல்லை.

கழிமுகத்துச் சாலைக்கு மட்டும் இன்னும் ஒரு கணக்கு உண்டு. அது கடலின் ஏற்றவற்றம். இந்த நீரிணையில் ஒரு நாளைக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 மீட்டர்வரை போகும். ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். இன்று மாலை நான்கு மணிக்குக் காய்ந்து கிடந்த தாழ்ந்த வழி, அடுத்த வாரம் அதே நேரத்தில் முழங்கால் அளவு நீரில் கிடக்கலாம். தாழ்வான கடலோரத் தோட்டங்களில் இதற்காகவே மண்கரை கட்டி, அதில் மதகு வைப்பார்கள். கடல் வற்றும்போது உள்ளே உள்ள நீர் மதகுக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போகும். கடல் ஏறும்போது அந்தக் கடல் நீரே கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். மேற்கு ஜொகூரில் பொந்தியான், பெனுட், பத்து பஹாட் கடலோரங்களில் இத்தகைய கரைகளை நீளநீளமாகக் காணலாம். அந்தக் கரையின் தலைப்பு மேடு பள்ளம் இல்லாத சைக்கிள் பாதையாகவும் பயன்படுகிறது.

நேயர்களே, சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவயது மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் செய்துகொடுத்தார். அது சைக்கிளுக்குப் பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்தது, ரப்பர் போதவில்லை. 1877ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்த 22 ரப்பர்க் கன்றுகளுக்கு அப்போதுதான் மதிப்பு தெரிந்தது. 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் தான் சே யான் என்பவர் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டியும் வந்தது, தோட்டங்கள் பெருகின, கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். கரும்புக்கும் காப்பிக்கும் அதற்கு முன்பே வந்தவர்கள் உண்டு. ஆனால் பெருங்கூட்டமாக வந்தது ரப்பருக்காகத்தான். ஆகவே, நம் பாட்டன் வெட்டிய பாலில் ஒரு பங்கு எங்கோ ஒருவருடைய சைக்கிள் சக்கரமாக ஓடியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

இன்று வெளிநாடுகளில் சரளைச் சாலைக்கென்றே தனிச் சைக்கிள் செய்கிறார்கள். விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். 2022ஆம் ஆண்டில் இத்தாலியில் சரளைச் சாலைக்கான முதல் உலக வாகையர் போட்டியே நடந்தது. அந்தச் சைக்கிளின் சிறப்பு என்ன? சக்கரம் சற்றுப் பருமன். 40 மில்லிமீட்டர் அளவு. நம் தாத்தா வைத்திருந்த கறுப்புச் சைக்கிளின் சக்கரமும் ஏறத்தாழ அதே பருமன்தான்! தாத்தா தோட்டத்துச் சாலையில் முன்னால் பாட்டியையும் பின்னால் அரிசி மூட்டையையும் வைத்து ஓட்டியதும் இதே முறைதான். புதுச் சைக்கிள் இல்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். நல்ல நிலையில் உள்ள சாதாரணச் சைக்கிளே போதும்.

ஆனால் ஓட்டும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தில் கல்லாகக் காற்றடிக்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சரளையைப் பற்றும். இரண்டு பிரேக்குகளும் பிடிக்க வேண்டும். உதிரிக் கல்லில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சைக்கிள் வழுக்கி விழும். பின் பிரேக்கை முதலில் மெல்லப் பிடித்து, உடலைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளையும்போது பிரேக் பிடிக்கக் கூடாது. நீர் தேங்கிய குழியின் ஆழம் தெரியாது. அதைச் சுற்றிப் போக வேண்டும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் சக்கரத்தைக் குத்தும். ஓரத்து மட்டைக் குவியலை ஒட்டி ஓட்டாமல் இருப்பதோடு, பஞ்சர் ஒட்டும் சாமானையும் காற்றடிக்கும் பம்பையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. வண்டியே வராத சாலை என்றாலும் இடப்பக்கமாகவே போக வேண்டும். மரம் மறைக்கும் திருப்பத்தில் மணி அடிக்க வேண்டும்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறோம்? 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவின் பெரிய சாலை ஒன்றில் கார் மோதி 8 சிறுவர்கள் உயிரிழந்தார்கள். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் ஓட்டியவை பாசிக்கல் லாஜாக் எனப்படும், வேகத்துக்காக மாற்றி அமைத்த சைக்கிள்கள். பிள்ளைகளை அன்று பலரும் குறைகூறினார்கள். அந்த வயதில் சைக்கிள்மேல் ஆசை எழுவது இயல்பு. ஆசையை அடக்கு என்று சொல்வதோடு பெரியவர்கள் நின்றுவிடக் கூடாது. எங்கே ஓட்டலாம், எப்போது ஓட்டலாம், எப்படி ஓட்டலாம் என்று காட்டவும் வேண்டும். பாதுகாப்பான இடம் காட்டாவிட்டால், பிள்ளைகள் தாமே ஓர் இடத்தைத் தேடிக்கொள்வார்கள். அந்த இடம் பெரும்பாலும் பெரிய சடக்காகவே இருக்கும்.

கழிமுகத்து ஓரமாக வண்டியில்லாப் பாதை அமைப்பது புதுமையன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கேமல் என்னும் ஆறு கடலில் கலக்கிறது. அதன் கரையை ஒட்டி ஓடிய இரயிலில் 1967ஆம் ஆண்டோடு பயணிகள் சேவை நின்றுபோயிற்று. பின்னர், தண்டவாளம் இருந்த வழியையே சரளைப் பாதையாக்கி, நடப்போருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் விட்டார்கள். மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பாட்ஸ்டோ, வேட்பிரிட்ஜ் என்னும் ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதும் கழிமுகத்தின் ஓரம்தான். இரயிலுக்காகப் போட்ட வழி என்பதால் செங்குத்தான ஏற்றம் இல்லை. குழந்தையும் முதியவரும் ஓட்டலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாசிர் கூடாங் கரையில் நின்று எதிரே பாருங்கள். தெரிவது சிங்கப்பூருக்கு உரிய புலாவ் உபின் தீவு. பரப்பு ஏறத்தாழ 10 சதுரக் கிலோமீட்டர். முன்பு அது கருங்கல் வெட்டும் தீவு. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்துக்கு அங்கிருந்தும் கல் வந்தது. கல் வெட்டுவது நின்றபின், அங்கே சில வேன்களைத் தவிர வண்டி அதிகம் இல்லை. மக்கள் சைக்கிளில்தான் தீவைச் சுற்றுகிறார்கள். அந்தத் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் சேற்றுக் கடற்கரை உண்டு. அதை மண்கொட்டி நிரப்பத் திட்டம் இருந்தது. 2001ஆம் ஆண்டில் செடிகொடி அறிந்தோரும் தொண்டர்களும் பொதுமக்களும் கூட்டங்கூட்டமாகப் போய், அங்கே வாழும் உயிர்களைப் பார்த்து, எழுதி, படம் பிடித்து, அரசின் முன் வைத்தார்கள். 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. 2007ஆம் ஆண்டில் அங்கே மக்கள் நடந்து பார்க்க நடைபாதையும் திறந்தது. மக்கள் காலெடுத்து வைத்துப் பார்த்ததனால் பிழைத்த இடம் அது.

யாரும் பாராத இடத்துக்கு என்ன நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் பக்கத்துக் கரையிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் நச்சு இரசாயனக் கழிவு சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்டது. ஆற்றிலிருந்து எழுந்த நச்சுப் புகை காற்றில் பரவியது. பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் வந்தன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். மார்ச் 13ஆம் நாள், வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடும்படி உத்தரவாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் காற்று கெட்டு, பிள்ளைகள் பாதிக்கப்பட்டு, பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. வகுப்பறை வாசலில் மூச்சுக்குத் தவித்த பிள்ளைகளை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வண்டியில்லாச் சாலை வேறு. ஆளில்லாச் சாலை வேறு. வண்டியில்லாச் சாலை பிள்ளைக்கு நல்லது. ஆளில்லாச் சாலையோ, திருட்டுத்தனமாகக் கழிவு கொட்டுவோருக்கு நல்லது. பழைய டயரும் கட்டடக் குப்பையும் பெயர் தெரியாத பீப்பாயும் எங்கே வந்து விழுகின்றன என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத செம்மண் சாலையின் கடைசியில், ஓடைக்குப் பக்கத்தில்தான் விழும். அந்தச் சாலையில் வாரந்தோறும் நான்கு குடும்பம் சைக்கிளில் போய்வருகிறது என்று தெரிந்தால், கொட்ட வருபவனுக்குத் தயக்கம் வரும். சைக்கிளில் போகிறவர்களுக்குக் காவல்காரர் வேலை வேண்டாம். போனாலே போதும், கண் இருக்கிறது என்பதே காவல்.

ஆகவே, நேயர்களே, இதை நாம் ஒழுங்காகச் செய்வோம். தோட்டச் சாலை தோட்டத்துக்குச் சொந்தமானது. முதலில் நிருவாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, எந்தச் சாலை, எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று எழுதிக் கொடுத்தால் கிராணிக்கும் மண்டோருக்கும் விவரம் தெரியும். குலை ஏற்றும் நேரத்தில் போகக் கூடாது. மருந்து அடிக்கும் பாத்திப் பக்கம் அன்றைக்குப் போகக் கூடாது. சிறுபிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் இருக்க வேண்டும். தலைக்கவசமும் பளிச்சென்ற சட்டையும் அணிய வேண்டும். குடிநீர் எடுத்துக்கொள்ள வேண்டும். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

இடி ஓசை காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். அப்போது மரத்தடியில் ஒதுங்காமல் உடனே சுவர் உள்ள கட்டடத்துக்குத் திரும்ப வேண்டும். ஜொகூர் ஆற்றில் முதலை உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆற்றங்கரையில் கால் கழுவவோ தூண்டில் போடவோ பிள்ளைகளை விடக் கூடாது. செம்பனை மட்டைக் குவியலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் வரும். ஆகையால் மட்டைக் குவியலில் கை விட வேண்டாம்.

வழியில் கழிவுப் பீப்பாயோ, நிறம் மாறிய நீரோ, மூக்கை எரிக்கும் வாடையோ கண்டால் கிட்டே போகக் கூடாது. தொடக் கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக விலகி, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஆபத்து என்றால் 999 எண்ணையும், மற்றபடி சுற்றுச்சூழல் துறையையும் அழைக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி இத்தகைய கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். லோரியைத் துரத்துவதோ ஆளோடு வாதாடுவதோ நம் வேலையன்று.

இன்னொன்றும் செய்யலாம். பிள்ளைகளிடம் ஒரு பெரிய வரைதாளைக் கொடுத்து, தாங்கள் ஓட்டிய சாலையை வரையச் சொல்லுங்கள். குழாய் எங்கே, மதகு எங்கே, நீர் ஏறும் தாழ்வு எங்கே, நிழல் எங்கே, ஆபத்தான திருப்பம் எங்கே, எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ செப்டம்பர்முதல் மார்ச்வரை வடநாட்டுக் குளிருக்குத் தப்பிச் சைபீரியாப் பக்கத்திலிருந்து வரும் கரைப்பறவைகளை இந்தச் சேற்றில் காணலாம். இது பிள்ளைக்குப் புவியியல் பாடமாகும், அளவெடுக்கும்போது கணிதமாகும், எழுதும்போது தமிழாகும்.

அந்த வரைபடத்துக்கு வேறொரு பயனும் உண்டு. நம் வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. தோட்டம் போகும்போது கோயிலைப் பற்றிக் கேட்கிறோம். பள்ளியைப் பற்றிக் கேட்கிறோம். சாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த வேளையில் வாயால் முறையிடுவதைவிட, இந்தச் சாலையில் நம் பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள், இதை ஆற்றோரச் சைக்கிள் பாதையாக விட்டுவையுங்கள் என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தால், அதைப் புறக்கணிப்பது எளிதன்று. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு உரிமை இருக்கிறது. கேட்காத வழி நிச்சயமாகப் போய்விடும்.

சாலை போட்ட கைகளில் நம் கைகளும் உண்டு. மேடு வெட்டியதும், சாக்கடை தோண்டியதும், சரளை கொட்டிப் பரப்பியதும் நம்மவர்தாம். அந்தச் சாலையில் இதுவரை வேலைக்குப் போனோம். இனி வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளோடு, ஆற்றைப் பார்க்கப் போவோம். போகும் வழியில் குழாயின் வாயை மட்டை ஏதும் அடைத்துக்கொண்டிருந்தால், இறங்கி அதை எடுத்துப் போட்டுவிட்டுப் போவோம்.